ஜாடியிலிருந்த மாத்திரைகள்

"வீட்டுல வேற மாத்திரை எதுவும் குடுத்தீங்களாம்மா?" டாக்டர் இப்படிக் கேட்பது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் சம்லி கூசாமல், "அரிசிக் கஞ்சி மட்டுந்தான் டாக்டர்" என்று சொல்லியிருந்தாள். பச்சைப் பொய். கோன்கேன் நகரத்துக்குத் தெற்கே அவளுடைய மளிகைக் கடையில், மீன்சாறு பாட்டில்களுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. அதில் சிவப்பும் கறுப்புமாகக் கிருமிக்கொல்லி மாத்திரைகள். தொண்டை வலியோ, வயலில் காலைக் கிழித்துக்கொண்டதோ, ஊரே அதைத்தான் நாலு நாலாக வாங்கிப்போகும். இருபது வருஷமாக அவள்தான் ஊருக்குப் பாதி டாக்டர். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

புருஷன் தோங்திக்கு ரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றி அனுப்பும்போதே, உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, லேசாகக் காய்ந்தாலும் உடனே வந்துவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். வந்தாளா? நம்ம ஜாடி இருக்கும்போது எதற்கு பஸ் ஏறி அலைவது என்று நினைத்தாள், பாவி. இப்போது ரத்தத்தில் கிருமி. இரண்டு நாளாக ஏற்றும் மருந்துக்கு அது மசியவில்லை.

"பரிசோதனை முடிவு வர நாளைக்காகும். அதுவரைக்கும் இவர் தாங்கமாட்டார். அரைகுறையா சாப்பிட்ட மருந்துக்குக் கிருமி பழகிப்போயிடும். முன்னாடி என்ன சாப்பிட்டார்னு தெரிஞ்சா இப்பவே மருந்தை மாத்துவேன்" என்றார் டாக்டர்.

சம்லி வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து தோங்தியின் குரல் வந்தது. "நான்தான் டாக்டர். அவளுக்குத் தெரியாம கடை ஜாடியிலேர்ந்து எடுத்து முழுங்கினேன். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

"உங்களுக்கே இது நல்லா இருக்கா பெரியவரே? சரி, எத்தனை, எவ்வளவு நாளா?"

தோங்தி விழித்தார். அவருக்கு எப்படித் தெரியும்? எண்ணிக் கையில் கொடுத்தவள் அவளல்லவா. குளிரில் பல் கிட்டும்போதும் இந்த மனுஷன் என் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாரே என்று நினைத்ததும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அவர் பொய் சொல்றார் டாக்டர். நான்தான் குடுத்தேன். செவப்புக் கறுப்பு மாத்திரை, காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு. காய்ச்சல் விட்டா நிறுத்திடுவேன், வந்தா மறுபடியும். ஒண்ணரை மாசமா."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நர்ஸிடம் வேறொரு மருந்தைச் சொன்னார். பழைய பாட்டிலை இறக்கிப் புதியதை மாட்டினார்கள்.

அப்போது சம்லியின் போன் அடித்தது. கடையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு மாலி. வார்டுக்கே கேட்கும்படி கத்தினாள்: "அக்கா, நம்ம தெரு புன்சோங்கோட கொழந்தைக்குக் காய்ச்சலாம். செவப்புக் கறுப்பு எத்தனை குடுக்கட்டும்?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். தோங்தி கண்ணை மூடிக்கொண்டார். புதுப் பாட்டிலிலிருந்து முதல் சொட்டு குழாயில் விழுந்தது.

"அக்கா, இருக்கியா? ஜாடியைத் தொறந்துட்டேன். எத்தனை?"