தவளை வண்டிக்கு ஒரு கையெழுத்து

ஆலத்தடிக்குடி மிராசுதார் பஞ்சநதத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரியாதவர் வாங்கி வைத்திருந்ததோ இரண்டே பேர் உட்காரக்கூடிய பந்தயக் கார். மதராசிலிருந்த ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. ஐம்பத்தாறாம் வருஷம் அதைக் கொண்டுவந்த மறுநாளே, தானே ஓட்டுகிறேன் பேர்வழி என்று கிளம்பி, நேராக வாய்க்காலில் இறக்கி, பட்டுக்கரை வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று அங்கேயே சத்தியம் செய்தார். வண்டி துடைக்க வந்த வைரக்கண்ணு ஓட்டப் பழகியதிலிருந்து வலது சீட்டில் டிரைவராக அவன், இடது சீட்டில் மிராசுதார். மற்றவர்கள் யாருக்கும் அதில் இடமில்லை. அவர் சம்சாரம் மங்களாம்பிகை அம்மாளே கோயிலுக்கு வில்வண்டியில்தான் போய்வந்தார்.

பச்சை நிறம். மேலே கூரை கிடையாது, மழைக்கு இழுத்துவிட ஒரு கித்தான் மட்டும். வயிறு தரையில் உரசுகிற உயரம். ஊர் அதற்குத் தவளை வண்டி என்று பேர் வைத்துவிட்டது. வாய்க்கால் கரைப் பாதையில் அதன் ஹார்ன் கேட்டால் எதிரே வருகிற நடவாட்கள் தலைச்சுமையோடு வயலுக்குள் இறங்கி நிற்க வேண்டும். இறங்கச் சொல்லி யாரும் எழுதி வைக்கவில்லை. இறங்கினார்கள், அவ்வளவுதான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் பெட்ரோல் விலை திடீரென்று ஏறியது. அந்த வாரமே பஞ்சநதம் வைரக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"வண்டிய வித்துடலாம்னு இருக்கேன்டா. திருச்சியில ஒருத்தன் ரெண்டாயிரத்துக்குக் கேக்குறான். எனக்கு அவன்கிட்ட குடுக்க மனசில்ல. நீ எடுத்துக்க. ஐநூறு ரூபா. சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமாப் புடிச்சுக்கிறேன்."

வைரக்கண்ணு பண்ணையாள் மகனாகப் பிறந்து, இந்த வண்டியைத் துடைக்க வந்து, ஓட்டப் பழகி, இதிலேயே நாற்பது வயதாகிவிட்டவன். கல்யாணமான அன்றுகூட மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மிராசுதாரை மன்னார்குடி ரயிலுக்குக் கொண்டுபோய் விட்டவன். அந்த வண்டி தனக்கே தனக்கா என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்புறம்," என்றார் பஞ்சநதம், வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வியாழக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுல ஒரு கையெழுத்து போட்டுடு. அந்த மதகடி ஒம்போது மா. மில்காரருக்கு நெல் காயவைக்க இடம் வேணுமாம்."

மதகடி ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், வைரக்கண்ணு பேரில் இருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வரப்போகிறது என்று காற்றுவாக்கில் தெரிந்த உடனேயே மிராசுதார் தன் நிலத்தைத் துண்டு துண்டாக்கி ஆளாளுக்கு எழுதி வைத்தார். சமையற்காரர் பேரில் கொஞ்சம், காவல்காரன் பேரில் கொஞ்சம், காசிக்குப் போய்த் திரும்பி வராத ஒரு சித்தப்பா பேரில் கொஞ்சம். முப்பது ஏக்கர் என்றிருந்த வரம்பைப் பிறகு பதினைந்தாகக் குறைத்தார்கள். அதுவும் அவரை ஒன்றும் செய்யவில்லை. வைரக்கண்ணுவிடம் அறுபதாம் வருஷம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "உன் பேர்ல ஒம்போது மா எழுதியிருக்கேன். வெளியில மூச்சு விடாதே." அவன் விடவில்லை. காரில் காதில் விழுகிற எதையும் இறங்கும்போது காரிலேயே விட்டுவிட்டு வருவதுதான் டிரைவர் வேலை என்பது அவன் கொள்கை. அந்த நிலம் தன்னுடையது என்று ஒரு நாளும் அவனுக்குத் தோன்றியதில்லை.

"வண்டிய ஒரு தடவ பாத்துக்கிறேங்க," என்றான்.

பஞ்சநதம் சிரித்துவிட்டார். "பதினேழு வருஷமா பாத்தது போதலியா?"

"அப்ப உங்க வண்டியாப் பாத்தேங்க ஐயா. இப்ப வாங்குறவனாப் பாக்கணும்."

வாங்குகிறவனாக டாஷ்போர்டிலிருந்து ஆரம்பித்தான். மீட்டர் நாலாயிரத்துச் சொச்சம் மைல் காட்டியது. வெளியூர்க்காரன் பார்த்தால் புது வண்டி என்று ஏமாந்து போவான். உண்மையில் மீட்டர் ஐந்து ஒன்பதையும் தாண்டி, சீர்காழிக்கு இந்தப் பக்கம் ஒரு பாலத்தில், ஐந்து சைபராகத் திரும்பியதை வைரக்கண்ணுவே கண்ணால் பார்த்திருக்கிறான். அன்றைக்கு மிராசுதார் சந்தோஷத்தில் அவனுக்கு ஒரு பிளேட் அல்வா வாங்கிக் கொடுத்தார். ஆக, லட்சத்து நாலாயிரம் மைல். வெள்ளைக்காரன் ஓட்டியது போக மீதியெல்லாம் இவன் கையாலும் காலாலும் ஓடியது.

இஞ்சின் பெட்ரோலுக்குச் சமமாக ஆயிலைக் குடித்தது. இரண்டாவது கியர் நிற்காது, முழங்காலால் முட்டுக் கொடுத்தே ஓட்ட வேண்டும். இடது கதவு கம்பியில் தொங்கியது. கால்மிதியை விலக்கினால் தரைத்தகடு துருவேறி, ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது. அதை மிராசுதார் பார்த்துவிடக் கூடாதென்று பிஸ்கட் டின் தகரத்தை வெட்டி மறைத்து வைத்தவனே இவன்தான். பாகங்களுக்குச் சீமைக்கு எழுதிப் போட வேண்டும். வாடகைக்கு விடலாமென்றால் இரண்டு பேர் உட்காரும் வண்டியில் எந்தக் கல்யாணக்காரன் ஏறுவான்? கோளாறே இல்லாத ஒரே சாமான் ஹார்ன்தான்.

இவ்வளவும் தெரிந்துமே அவனுக்கு வண்டி வேண்டும்போல் இருந்தது. தஞ்சாவூர் ரோட்டில் ஐம்பது மைல் வேகத்தில் அது போடுகிற சத்தம் வேறு எந்த வண்டிக்கும் கிடையாது. அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. அந்த இடது சீட்டில் ஒரு தடவை பெண்டாட்டி அம்சவல்லியை உட்கார வைத்து முத்துப்பேட்டை வரைக்கும் போய்க் கடலைக் காட்டிவிட்டு வரவேண்டும்.

அதைத்தான் அன்று சாயங்காலம் அவளிடம் முதலில் சொன்னான். நடவிலிருந்து வந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த அம்சவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, ரெண்டாயிரம் போற வண்டிய ஐநூறுக்கு ஏன் குடுக்குறாரு?"

அவள் அப்படித்தான். விவசாயத் தொழிலாளர் சங்கத்திலிருந்து கூலி பேசப் போகும்போது அவளைத்தான் முன்னால் அனுப்புவார்கள். வைரக்கண்ணு மென்று விழுங்கிக் கடைசியில் கையெழுத்தைப் பற்றிச் சொன்னான். எந்த நிலம் என்று கேட்டாள். மதகடி ஒன்பது மா என்றான். அம்சவல்லி செம்பைக் கீழே வைத்தாள்.

"எத்தினி வருசமா உங்க பேர்ல இருக்கு?"

"பதிமூணு. பேர்தான் நம்மளது அம்சம். நெலம் அவங்களதுதான்."

"வருசத்துக்கு ரெண்டு நடவுன்னா இருவத்தாறு நடவு. களையெடுப்பு தனி, அறுப்பு தனி. அம்புட்டும் கூலிக்கு. புருசன் பேர்ல இருக்குற வயல்ல." அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "போன வருசம் கூலியில கால் மரக்கா நெல்லு கூடக் கேட்டோம்னு மூணு நாளு எங்கள வரப்புலயே நிறுத்தி வச்சாங்களே, அது இந்த வயல்தான். அன்னிக்கும் நீங்க அவரு பக்கத்துல வண்டியில உக்காந்துதான இருந்தீங்க. வாயத் தொறக்கலியே."

வைரக்கண்ணுவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்கக் கோபப்பட்டான். "கிழக்க கூலி கேட்டவங்களக் குடிசையோட கொளுத்தினது மறந்துபோச்சா? நம்மளால அவங்கள எதுத்து நிக்க முடியுமா?"

"மறக்கல. அதனாலதான் கேக்குறேன்," என்றாள். "வண்டிய வாங்குறவனாப் பாத்தேன்னு சொன்னீங்கல்ல? நாளைக்கு வெடிஞ்சதும் எங்கூட வாங்க. இதையும் அப்படிப் பாருங்க."

மறுநாள் காலையில் போனார்கள். குறுவை அறுத்து, அடுத்த போகமான தாளடிக்கு உழுது, தண்ணீர் கட்டிக் கிடந்தது வயல். பதினேழு வருஷமாக அதன் ஓரமாகத் தினம் காரில் போனவன், அன்றுதான் அதில் காலை வைத்தான். அம்சவல்லி முன்னால் நடந்துகொண்டே சொன்னாள். இந்த மூலையில் தண்ணீர் வடியாது, நாற்றைக் கொஞ்சம் முற்றவிட்டு நடவேண்டும். இந்த வரப்பில் நண்டு வளை, ஒரு நாள் கவனிக்காவிட்டால் மடை உடைத்த மாதிரி தண்ணீர் போய்விடும். நடுவில் இரண்டு குழி அளவுக்குக் களர், எவ்வளவு தழை போட்டாலும் பயிர் மஞ்சளடிக்கும். மேற்குப் பக்கம் மட்டும் பொன் விளையும், அங்கே கையை விட்டால் முழங்கைவரை போகும்.

"ஒங்க வண்டிக்கு மீட்டர் இருக்கு. எனக்கு யாரும் மீட்டர் வக்கல," என்றாள். "குனிஞ்சுக்கிட்டே பின்னால நடந்ததச் சேத்தா ஒங்க லட்சம் மைலு வருமோ என்னமோ."

வைரக்கண்ணு குனிந்து அந்த மேற்குப் பக்கச் சேற்றில் கையை விட்டுப் பார்த்தான். தவளை வண்டியின் ஒவ்வொரு கோளாறையும் தான் அறிந்திருந்தது போலவே இவள் இந்த நிலத்தின் கோளாறுகளை அறிந்து வைத்திருக்கிறாள் என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது. இவ்வளவு தெரிந்தவளிடம் சொல்லாமல் பதிமூன்று வருஷம் இருந்துவிட்டோமே என்று நெஞ்சு வலித்தது.

"வேல போயிடும் அம்சம்."

"மன்னார்குடியில லாரி ஓட்ட ஆள் இல்லாமயா கெடக்கு? பட்டா ஒங்க பேர்ல இருக்கு. நாத்து எங்க கையில இருக்கு. வியாழக்கெழம இங்கதான் நடவு. சங்கத்துல சொல்லிக்கிறேன். அப்புறம் ஒங்க இஷ்டம்."

வியாழக்கிழமை தூறல் போட்டது. கித்தானை இழுத்துவிட்டு, மிராசுதாரை இடது பக்கம் உட்கார வைத்து, கம்பியால் கதவைக் கட்டி, வைரக்கண்ணு மன்னார்குடிக்கு ஓட்டினான். நிலத்தை விற்கிறவனே நிலத்துக்காரரை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போகிற அழகை அன்று அந்த ரோட்டில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வழியெல்லாம் பஞ்சநதம் நல்ல உற்சாகத்தில் இருந்தார். வண்டிக்கு இனி என்ன ஆயில் போட வேண்டும் என்று, ஒன்றும் தெரியாவிட்டாலும், யோசனை சொல்லிக்கொண்டே வந்தார்.

ரிஜிஸ்தர் ஆபீசில் மில்காரர் சாட்சிகளோடு காத்திருந்தார். சப் ரிஜிஸ்தரார் பத்திரத்தைப் படித்துவிட்டு, வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதை, தலை நிமிராமலே கேட்டார்.

"எழுதிக் குடுக்குற வைரக்கண்ணு நீங்கதானே? நிலம் உங்களுதுதானே? மனசார விக்கிறீங்களா?"

தன்னிடம் ஒருவர் 'ங்க' போட்டுப் பேசியது வைரக்கண்ணுவுக்கு ஒரு கணம் விநோதமாக இருந்தது.  பக்கத்தில் பஞ்சநதம் பேனா மூடியைக் கழற்றித் தயாராக நீட்டிக்கொண்டிருந்தார்.

"வைரக்கண்ணு நான்தான் சார். நெலமும் என்னுதுதான்," என்றான். "விக்கல."

சப் ரிஜிஸ்தரார் அப்போதுதான் நிமிர்ந்தார். மில்காரர் மிராசுதாரைப் பார்த்தார். மிராசுதார் பேனாவை மூடத் தெரியாமல் மூடிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் நடுவில், அந்த நிலம் என்னுடையது என்று அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் அதை எழுதிக்கொள்ளப் பக்கத்துக் கட்டடத்திலேயே தாசில்தார் இருந்தார்.

வண்டி திரும்பியது. இவனை வைது இறக்கிவிட்டால் வீடு வரைக்கும் வண்டி ஓட்ட ஆள் கிடையாது என்பதால் பஞ்சநதம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு மைல் கழித்துக் கேட்டார்.

"வண்டி வேணாமாடா உனக்கு?"

"ஆசைதாங்க ஐயா. ஆனா கோளாறு நெறைய இருக்கு. உங்களுக்குத் தெரியாது. உங்க காலுக்கடியில இருக்குறது பிஸ்கட் டின்னு தகரமுங்க."

பஞ்சநதம் சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டார். "அந்த ஒம்போது மாவுல மட்டும் கோளாறு இல்லியா?"

"அதுலயும் இருக்குங்க. அம்சத்துக்கு எல்லாம் தெரியும்."

"அறுப்புக்கு நீ எப்படி இறங்குறேன்னு பாக்குறேன்டா. கோர்ட்டு இருக்கு, போலீசு இருக்கு."

"இருக்குங்க," என்றான் வைரக்கண்ணு. பயமாகத்தான் இருந்தது. பயம் இல்லை என்று அவன் பிற்பாடும் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை.

வாய்க்கால் கரைக்கு வந்து மதகடியில் வண்டியை நிறுத்தினான். வயலில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். வைரக்கண்ணு இஞ்சினை அணைத்து, சாவியைக் கழற்றித் தன் சீட்டின் மேல் வைத்தான். இறங்கிச் சுற்றி வந்து, வழக்கம்போலவே மிராசுதார் பக்கக் கதவின் கம்பியையும் அவிழ்த்துவிட்டான்.

"என்னடா இது? வீட்டுக்கு ஒரு மைலு இருக்கு. யாரு ஓட்டுறது?"

"என் நெலம் வந்துடுச்சுங்க ஐயா," என்றான்.

செருப்பைக் கரையில் விட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வயலில் இறங்கினான். அம்சவல்லி ஒரு முடி நாற்றைப் பிரித்து அவன் கையில் கொடுத்தாள். நட்டான். முதல் குத்து நாற்று மிதந்தது. அவள் அதை எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி, எப்படி என்று காட்டினாள். பெண்கள் சிரித்தார்கள்.

கரையில் ஹார்ன் அலறியது.

மிராசுதார் எப்போதும் ஹார்னை அடித்துத்தான் அவனைக் கூப்பிடுவார்; பதினேழு வருஷப் பழக்கம் அது. வைரக்கண்ணுவின் கால் தன்னாலேயே கரைப் பக்கம் ஓர் அடி எடுக்கப் பார்த்தது. சேறு முழங்கால்வரை இருந்ததால் சீக்கிரம் வரவில்லை. அதற்குள் அம்சவல்லி அடுத்த முடியை நீட்டினாள். வாங்கிக்கொண்டு குனிந்தான். ஹார்ன் இன்னும் இரண்டு தடவை அடித்தது. நட்டுக்கொண்டிருந்தவர்களில் யாரும் நிமிரவில்லை.