சாப்பாட்டு மேசையில் ஓர் எஞ்சின்

அப்பா வாங்கிய பழைய காரில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அது நன்றாக ஓடியது.

விற்றவர் வீட்டிலிருந்து எங்கள் வீடு வரை, தெருமுனையில் உள்ள செங்குத்தான ஏற்றத்தையும் சேர்த்து, எங்கும் முனகாமல் வந்தது. அப்பாவைவிட இரண்டு வயது மூத்த வண்டி. பள்ளிக்கூட நாட்களிலிருந்து ஆசைப்பட்டு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதத்தில் வாங்கியிருந்தார். முதல் வாரம் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தார். இரண்டாவது வாரம் ஒரு குழுவில் சேர்ந்தார்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் போனில் நடத்தும் குழு அது. தலைவர் ஒரு பல் டாக்டர். குழுவில் அவருக்குப் பெயர் பிஸ்டன் டாக்டர். அவருடைய கார் ஓடி யாரும் பார்த்ததில்லை. பல வருடங்களாக அதைப் பிரித்தே போட்டிருந்தார். அதனால்தான் அவர் தலைவர்.

என் வண்டி நன்றாக ஓடுகிறது என்று அப்பா குழுவில் அறிவித்தார். பிறகு தலைவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. அப்பா அதை எங்களுக்கும் போட்டுக் காட்டினார்.

"வலிக்கலைங்கறதுக்காகப் பல்லு நல்லா இருக்குன்னு சொல்லிட முடியாது சார். திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

அடுத்த வாரம் எஞ்சின் வெளியே வந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்தான் கழற்றினார். அவர் பட்டறையில் மழை ஒழுகும் என்று அப்பா கவலைப்பட்டதால், நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தார்கள். வீட்டில் அந்தக் கனத்தைத் தாங்கக்கூடியது அது ஒன்றுதான். இரண்டே நாள் என்றார் அப்பா.

நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகினோம். வால்வுகள் முட்டை அட்டையில் வரிசையாக நின்றன. ஸ்பிரிங்குகள் கரண்டிக் கூடைக்குப் போயின. கரண்டிகள் எங்கே போயின என்று தெரியவில்லை.

பழுது என்று பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் திறந்தாகிவிட்டது. "பிரிச்சதே பிரிச்சாச்சு" என்று குழுவில் யாரோ ஆரம்பித்தார்கள். பிரித்ததே பிரித்தாயிற்று, பெரிய பிஸ்டனாகப் போட்டுவிடலாம். பிஸ்டன் பெரியது என்றால் ஒரு கார்புரேட்டர் போதாது, இரண்டு வேண்டும். இரண்டு போட்டால் சூடு ஏறும், ரேடியேட்டரை மாற்ற வேண்டும். இவ்வளவு வேகம் போகிற வண்டிக்குப் பழைய பிரேக் ஆகாது. சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போகும்படி ஓட்டுபவர் அப்பா. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மடியில் சாப்பிட ஆரம்பித்து எட்டு மாதம் ஆனபோது பெரியம்மா ஒரு மாதம் தங்க வருவதாகச் செய்தி வந்தது. அம்மா போனை வைத்துவிட்டு, எஞ்சினுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கோபமாக இருக்கும்போது அம்மாவின் குரல் தாழ்ந்துவிடும்.

"அக்கா வர்ற அன்னைக்கு இந்த மேசையில உட்கார்ந்து சாப்பிடணும். ஸ்டேஷன்ல இருந்து உங்க வண்டியிலயே கூட்டிட்டு வாங்க, நானும் வர்றேன். அது தானா ஓடி நம்ம வாசலுக்கு வந்துட்டா, இருந்துட்டுப் போகட்டும். தள்ளியோ கட்டி இழுத்தோ வந்துச்சுன்னா மறுநாள் பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துட்டுப் போவாரு. பேசிட்டேன்."

அந்த 'பேசிட்டேன்' அப்பாவின் முகத்தில் அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு வேலை பறந்தது. பெரியம்மா வருவதற்கு மூன்று வாரம் இருக்கும்போதே எஞ்சின் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது முயற்சியிலேயே உயிர் பிடித்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்ரோல் நெடி என்றார்.

இனிமேல் நிறுத்தி வைத்து ஓடவிடக் கூடாது, இன்றைக்கே ரோட்டில் எடுங்கள் என்றார் மெக்கானிக். பிஸ்டன் டாக்டரும் அதையே சொன்னார். பிஸ்டன் வளையங்களோடு வந்த துண்டுத்தாளிலும் அதுதான் அச்சிட்டிருந்தது. பாரம் இழுத்து, மேடு ஏறி ஓடினால்தான் புது வளையங்கள் சிலிண்டர் சுவரோடு பொருந்தும். நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தால் சுவர் கண்ணாடிபோல வழுவழுப்பாகி, எண்ணெய் மேலே ஏறிப் புகையும், இழுவையும் போய்விடும். மூன்று தரப்பும் ஒரே விஷயத்தைச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

அப்பா ஒப்புக்கொண்டு வாசல்வரை வந்து ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் புழுதி இருந்தது. ஒரு பஸ் போனது. கண்ணாடியே இல்லாத ஒரு லாரி போனது. நாளைக்கு எடுக்கலாம் என்றார்.

அந்த நாளை வரவில்லை, நாணயம்தான் வந்தது. ஓடுகிற எஞ்சின்மேல் ஒரு நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். விழாமல் நின்றால் எஞ்சின் பட்டுப்போல ஓடுகிறது என்று அர்த்தம். குழுவில் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்பா நிறுத்தினார், நின்றது. அன்றிலிருந்து தினமும் காலையில் மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, நாணயத்தை நிறுத்திக் காட்டினார். எதிர்வீட்டுக்காரர் தன் விருந்தாளிகளை அழைத்து வந்தார். ரோட்டில் எடுக்கச் சொன்ன மெக்கானிக்கே தன் வாடிக்கையாளர்களைக் கூட்டிவந்து, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அப்பா அனுப்பிய படத்துக்கு பிஸ்டன் டாக்டர் 'தியானம்' என்று பதில் எழுதினார்.

துண்டுத்தாளை நான் அப்பாவின் காபிக் கோப்பைக்கு அடியில் வைத்தேன். அவர் கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டு, திரும்ப அதன்மேலேயே வைத்தார்.

அம்மா ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "காசு நிக்குது. வண்டியும் நிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெரியம்மா வந்த அன்று கார் முதல் முறையாக வாசலைத் தாண்டியது. போகும்போது இறக்கம் என்பதால் ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது நான்கு பேர், இரண்டு பெட்டிகள். பின்னால் நீலமாகப் புகை எழுந்தது. எங்களைத் தொடர்ந்து வந்த பஸ் முதலில் மங்கி, பிறகு காணாமல் போனது. சிக்னலில் நின்ற போலீஸ்காரர் கையை உயர்த்தி எதையோ சொல்ல வந்து, இருமிக்கொண்டே திரும்பிக்கொண்டார். பெரியம்மா தலைமை ஆசிரியையாக இருந்தவள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

எங்கள் தெருமுனை ஏற்றத்தில் கார் பாதி தூரம் ஏறியது. விக்கியது. மெல்லப் பின்னால் வந்து அடிவாரத்தில் நின்றது. அப்பா மறுபடி முயன்றார். இந்த முறை பாதிகூட ஏறவில்லை.

அம்மா கைப்பையைத் திறந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் இறங்கிக்கொண்டால் பாரம் குறையுமே என்று கதவில் கை வைத்தேன்.

"யாரும் இறங்கக் கூடாது" என்றாள் அம்மா. "இறங்கினா, அப்புறம் தள்ளச் சொல்லுவாரு."

அப்பாவின் காதோரம் வியர்வை இறங்கியது. பிறகு காரை முழுதாகத் திருப்பி, அதன் பின்பக்கம் மேட்டைப் பார்க்கும்படி நிறுத்தினார். இந்த வண்டியில் ரிவர்ஸ் கியருக்குத்தான் இழுவை அதிகம் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். அம்மாவிடம் சொல்லவில்லை.

கார் பின்னோக்கி ஏறத் தொடங்கியது. அப்பா உடம்பை முறுக்கி, கழுத்தைப் பின்னால் திருப்பி, எங்கள் தலைகளுக்கு நடுவே வழியைப் பார்த்து ஓட்டினார். சத்தம் கேட்டுத் தெரு வெளியே வந்தது. நாணயத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு கைகளையும் தூக்கியபடியே நின்றார். காருக்குள்ளிருந்து பார்க்க, அவர்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டி முன்பக்கமாக விலகிப் போனார்கள்.

"ரயில்லயும் பின்னாடி பார்த்த சீட்டுதான் கிடைச்சுது" என்றாள் பெரியம்மா. அதுதான் வழியில் அவள் பேசிய முதல் பேச்சு.

கார் வாசலுக்குள் நுழைந்தது. நுழைந்ததும் ஒருமுறை உதறிவிட்டுத் தானாக அணைந்தது. அப்பா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை, கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது.

அம்மா போனைக் கையில் எடுத்தாள். "இதை வந்துச்சுன்னு சொல்லலாமா அக்கா?"

"தானா ஓடி வரணும்னுதானே சொன்ன?" நிபந்தனையைப் போனிலேயே கேட்டிருந்த பெரியம்மா பெட்டியை மடியிலிருந்து இறக்கினாள். "வந்துடுச்சு. எந்தப் பக்கமா வரணும்னு சொன்னியா?"

அம்மா யோசித்துவிட்டுப் போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

அன்று மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா இடதுபக்கச் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார். நடுவில் மெக்கானிக் வந்து எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினார். எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. சிலிண்டர் சுவரை மறுபடி சொரசொரப்பாக்க வேண்டும், திரும்பவும் முழுதாகப் பிரிக்க வேண்டும் என்றார். அன்றைக்கே ஓட்டச் சொன்னேனே என்றும் சொன்னார். அப்பா வருத்தப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்ள முயன்றார். அது சரியாக வரவில்லை.

மறுபடி பிரிக்கப்போவதைக் குழுவில் எழுதச் சொன்னார், எழுதினேன். உடனே போன் மினுங்கியது. அப்பாவால் குனிய முடியாததால் நான்தான் படித்துக் காட்டினேன். பிஸ்டன் டாக்டர் எழுதியிருந்தார்: 'வாழ்த்துகள். இனிமேல்தான் நீங்கள் உண்மையான உறுப்பினர்.'

அப்பாவின் கை தட்டை மெதுவாக ஓரமாக நகர்த்தி, மேசையின் பலகையைத் தடவியது. அம்மா இரண்டு முழங்கைகளையும் அகலமாக மேசைமேல் ஊன்றினாள்.

"இது கிடையாது."

இந்தக் கனத்தைத் தாங்க வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்று அப்பா சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"கட்டில் இருக்கு" என்றாள் அம்மா. "உங்க பக்கம் மட்டும்."

பெரியம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். அப்பா கையைக் கழுவிவிட்டு, கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பிப் படுக்கையறைக்குப் போனார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அளவு டேப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.