பன்னிரண்டாவது கேள்வி

முதல் தடவை நான் செய்தது மடத்தனம். வருகிறேன் என்று முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது என்றுதான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளை வீட்டார் கொடுமைப்படுத்துகிறார்களா என்று பார்க்கிற வேலைக்கு அந்த மரியாதை உதவாது. பதினொரு வருடமாக இந்த வேலையில் இருந்தும் அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

துணுக்காய்க் கிராமத்தில் அந்த வீட்டைப் பற்றி யாரோ பெயர் போடாமல் கடிதம் எழுதியிருந்தார்கள். அக்கா தங்கையைப் பூட்டி வைத்துவிட்டுப் போகிறாள் என்று. தங்கை மேனுகாவுக்குப் பதினைந்து வயதில், யுத்தத்தில், ஷெல் துண்டு முதுகில் பட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இப்போது முப்பத்தொரு வயது. அக்கா ஜெயரூபிக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. நான் வருகிறேன் என்று அன்று லீவு போட்டிருந்தாள். முற்றம் கூட்டிக் கிடந்தது, கட்டிலில் புது விரிப்பு, தங்கையின் முகத்தில் பவுடர். நான் கேள்விகளைத் தங்கையிடம் கேட்டேன். பதிலை அக்கா சொன்னாள். தேநீரைக் குடித்து, பிஸ்கட்டையும் தின்று, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுக்கொண்டு வந்தேன். மேலதிகாரி படிவத்தைத் திருப்பித் தந்தார்.

“தங்கச்சியோட தனியக் கதைச்சனீரோ?”



இரண்டாம் தடவை சொல்லாமல் போனேன். பதினொரு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. கதவில் ஆமைப்பூட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிஸ்கட்டைத் தந்தே என்னை ஏமாற்றிவிட்டாளே!

“ஆர் அது?” யன்னலுக்குள்ளிருந்து மேனுகாவின் குரல்.

“நான், சிவதர்சினி மிஸ். உம்மைப் பூட்டிப்போட்டே அக்கா போறவா?”

“ஓம். நான்தான் பூட்டச் சொன்னனான். போன வருசம் ஒருத்தன் குடிவெறியில உள்ளுக்கு வந்தவன்.” கட்டிலோடு ஒட்டிய யன்னல் கம்பிகளுக்கிடையால் சாவியோடு ஒரு கை நீண்டது. “இந்தாங்கோ திறப்பு. ஒண்டு எப்பவும் என்ர தலையணைக்குக் கீழதான்.”

திறந்துகொண்டு போய்க் கதிரையில் இருந்தேன். பாதிக் கோபம் வெளியிலேயே நின்றுவிட்டது. படிவத்தை எடுத்தேன். அக்கா அடிப்பாவா? இல்லை. ஏசுவாவா? “ஏசுவா. நானும் விடமாட்டன்.” பன்னிரண்டாவது கேள்வி, உணவோ தண்ணீரோ தர மறுக்கிறாரா என்பது. அதை வாசித்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது. கைக்கெட்டும் இடத்தில் சோறு மூடி இருந்தது. தண்ணீர் இல்லை.

“தண்ணி எங்க?”

“வைக்கிறேல்லை. விடிய அரைக் கப் தேத்தண்ணி. பிறகு ஆறு மணிக்கு அக்கா வந்துதான்.”

“அவா தாறேல்லையோ?”

“வைக்க வேண்டாமெண்டு சொன்னது நான். குடிச்சா, தெரியாமலே மூத்திரம் போய் நனையும். அக்கா வருமட்டும் ஈரத்தில கிடந்தா படுக்கைப் புண் திரும்ப வெடிக்கும். போன முறை எலும்பு தெரிஞ்சது, மிஸ்.”

“இப்பிடியே போனா கிட்னி பழுதாப் போயிடும்.”

“டொக்டரும் அதைத்தான் சொன்னவர்.” என் கையிலிருந்த படிவத்தைக் காட்டினாள். “இதுக்கு ‘ஓம்’ எண்டு போட்டா என்ன செய்வினம்?”

மறைக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், உம்மை வவுனியாவில் ஒரு இல்லத்துக்கு அனுப்புவார்கள் என்றேன்.

“அங்க ரெண்டு வருசம் கிடந்தனான். தண்ணி தருவினம், கதைக்க ஒருத்தரும் இல்லை. அக்காவோடயே இருக்க விடுங்கோ. ‘இல்லை’ எண்டு போடுங்கோ.”

படிவத்தில் இரண்டே பெட்டிகள், ஆம், இல்லை. இதைத் தயாரித்த மகராசன் எந்தக் குளிரூட்டிய அறையில் இருந்தானோ, ஒரு வரி எழுதக்கூட இடம் விடவில்லை. விடியப் புறப்பட்டுப் பின்னேரம் வருகிற ஜெயரூபியை எதற்காக ஏசுவது? யாரையும் ஏச முடியாமல் போகும் நாட்களில்தான் எனக்கு அலுப்பு அதிகம்.

எழும்பிப் போய் ஸ்கூட்டியிலிருந்த என் தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்தேன்.

“இதைக் குடியும்.”

வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மூடியைத் திறக்கவில்லை.

“எத்தனை மணி மட்டும் நிப்பியள், மிஸ்?”

அன்றைக்கு இன்னும் மூன்று வீடுகள் இருந்தன. பொய் சொல்ல வாய் வரவில்லை.

“இப்ப வெளிக்கிட வேணும்.”

“அப்ப வேண்டாம்,” என்று போத்தலைத் திருப்பித் தந்தாள். முகத்தில் கோபமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

‘இல்லை’ என்று போட்டேன். அக்கா மறுக்கவில்லை என்பது உண்மை. ஆறு மணி வரை நின்று அவளைத் துடைத்து மாற்றிவிட மறுத்தவள் நான். என்னைப் பற்றி அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை.