தம்பி மாற்றிய குழாய்

தம்பிக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கினவனில்லை. ஆனாலும் அவன் வீட்டுப் பின்னறை முழுக்கக் கடலுக்குள் முங்குகிறவர்களின் பழைய சாமான்கள்தான். காலில் மாட்டும் ரப்பர் துடுப்புகள் மட்டும் முப்பத்தெட்டு ஜோடி. ஒவ்வொன்றிலும் காகிதம் திணித்து, பவுடர் தூவி, சுவரில் மாட்டியிருந்தான்.

"குளிக்கச் சொன்னா நாளைக்குன்னுவாரு. சேர்க்கிறதெல்லாம் கடல் சாமான்," என்று அவன் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

அக்கா புருஷன் மாட்டி முங்கிய சாமான்களும் அங்கேதான் இருந்தன. கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டும் கம்பெனியில் முங்குகிற வேலை பார்த்தவர் அவர். ஆறு வருஷத்துக்கு முன் இறங்கியவர் உயிரோடு மேலே வரவில்லை. "அவருடைய கவனக்குறைவு" என்று கம்பெனி ஒரே வரியில் எழுதி, அவர் மாட்டியிருந்ததைச் சாக்கில் கட்டி அனுப்பிவிட்டது. இருபத்தைந்து வருஷமாகக் கம்பெனி மாற்றாத சாமான். சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்று வரும் ரப்பர் குழாயில் விரல் நுழையும் வெடிப்பு. அதைச் சொல்லி அக்கா நடையாய் நடந்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில், "ரப்பரைக் காப்பாத்த உனக்குத்தான்டா தெரியும், பத்திரமா வை," என்று தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

இப்போது அதே கம்பெனியில் இன்னொருவர் அதே மாதிரி செத்துப்போக, பழைய சாவையும் விசாரிப்பதாக அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. சாமானோடு வரச் சொல்லியிருந்தார்கள். இஸ்திரிக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

தம்பி துணியை விலக்கிக் காட்டினான். சிலிண்டரின் பித்தளைத் திருகு பளபளத்தது. துடுப்பு நேற்று வாங்கியதுபோல் இருந்தது. குழாய் வழுவழுவென்று இருந்தது.

"இதுல ஒரு வெடிப்பு இருந்துச்சேடா."

"ஆமாக்கா, பார்க்கச் சகிக்கலை. அதே ரகத்துல நல்ல குழாய் கிடைக்க மூணு வருஷம் அலைஞ்சேன். மாமா மாட்டியிருந்ததாச்சே, அரைகுறையா வைக்க மனசு வரலை."

"பழசு எங்கே?"

"குப்பையில போட்டாச்சு." சொன்ன பிறகுதான் அக்கா கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தான்.

அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். மாமா மேல் இருந்த பாசத்தை அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் காட்டியிருந்தான். அது அக்காவுக்கும் புரிந்தது. புரிந்ததால் வாய்விட்டுத் திட்டவும் முடியாமல் போயிற்று.

"பெட்டியில வெடிச்ச குழாய் நாலு கிடக்குக்கா. ஒண்ணை மாட்டிடட்டுமா? யாருக்குத் தெரியப்போவுது?"

"அவங்க பொய் எழுதினாங்கன்னு சொல்லத்தானேடா போறேன்."

விசாரணை அறையில் தம்பி உண்மையைச் சொன்னான். "நான்தான் சார் மாத்தினேன். பழசு வெடிச்சிருந்துச்சு."

"போட்டோ இருக்கா?" என்றார் அதிகாரி.

"பளபளன்னு ஆன பிறகுதான் சார் எடுத்தேன்."

அதிகாரி எழுத ஆரம்பித்தார். 'சாமானில் குறை எதுவும் காணப்படவில்லை' என்ற வரியை அக்கா தலைகீழாகவே படித்துவிட்டாள். அவர் பேனாவை மூடிவிட்டுத் துடுப்பைக் கையில் எடுத்துத் தடவினார். "ஆனா சும்மா சொல்லக்கூடாது. பிரமாதமா பார்த்துக்கிட்டிருக்கீங்க."

தலைகுனிந்திருந்த தம்பியின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அதையும் அக்கா பார்த்துவிட்டாள்.