இருவரும் உயிரோடிருக்கையில்

சோப்பு நுரையைக் குழைத்துத் தடவி, வீங்கிய விரலிலிருந்து மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தாள். “கை இன்னும் வீங்கும்மா. இப்பவே எடுத்துடுங்க, அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும்” என்று விடிந்ததும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள் செவிலி. முப்பத்து நான்கு ஆண்டுகள் அவ்விரலைப் பிரியாதிருந்த மோதிரம் கணுவைக் கடக்க மறுத்தது. கணவரின் இடக்கையை மடியில் கிடத்தி, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள்போல் குனிந்து வேலையில் ஆழ்ந்திருந்தவள், நுரை நீலமாவதைக் கண்டு நிமிர்ந்தாள்.

கட்டைவிரலின் ரேகைகளுக்கு இடையே மை படிந்திருந்தது.

“சிஸ்டர், இது என்ன?”

“அதுவா? நேத்து சாயங்காலம் நீங்க குளிச்சிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தீங்கல்ல, அப்ப யுனிவர்சிட்டிலேருந்து வந்தாங்க. சார் பேனா பிடிச்சுப் பாத்தாரு, முடியல. அதான் விரலை வெச்சு வாங்கிட்டுப் போனாங்க. டாக்டர்கூட சாட்சி போட்டாரே. உங்ககிட்ட சொல்லலியா?”

“சொன்னாங்க” என்றாள். யாரும் சொல்லியிருக்கவில்லை.

சன்னலோரம் தேநீர்க் குவளையோடு நின்றிருந்த கொழுந்தன் அருகே வந்து எட்டிப் பார்த்தார். “கைநாட்டா? அண்ணி, அரசியல் சட்டத்தைப் பத்தி ஏழு புஸ்தகம் எழுதின மனுஷன் கைநாட்டா வெச்சாரு? எங்கப்பா இருந்தா, இதுக்காடா உன்னை அவ்வளவு படிக்க வெச்சேன்னு கேட்டிருப்பாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் தடுமாறவே, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மோதிரம் ஒருவாறு கழன்றது. அதைத் துடைத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மையை எவ்வளவு தேய்த்தும் முற்றப் போகவில்லை.

படுக்கையில் கிடந்தவர், அரசமைப்பு அரசியலை ஆராயும் பல்கலைக்கழக மையம் ஒன்றின் நிறுவன இயக்குநர். இருபத்தாறு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவர். ஆட்சியாளர்கள் பதவியை விட்டு எவ்வாறு இறங்குகிறார்கள், எவ்வாறு இறங்க மறுக்கிறார்கள் என்பதே அவர் வாழ்நாள் ஆய்வு. “நாற்காலிய விட்டு எறங்காதவங்களைப் பத்தி நாற்காலிய விட்டு எறங்காமலே எழுதினவரு எங்கண்ணன்” என்று கொழுந்தன் விருந்தினரிடமெல்லாம் சொல்வதுண்டு. அண்ணனும் உடன்சேர்ந்து சிரிப்பார். ஈரல் நைந்து ஆறு மாதம் எழ முடியாமற் போன பின்னரே வாரிசைத் தேர்ந்தெடுக்கப் பல்கலைக்கழகம் குழு அமைத்தது. நேற்றுவரை ஓரிரு சொல் பேசியவர், இன்று காலைமுதல் பேசவில்லை. நெஞ்சு மட்டும் கரையேறாத அலைபோல எழுவதும் தாழ்வதுமாக இருந்தது.

பத்து மணிக்கு அடிக்குறிப்பு வந்தான்.

அது அவர் இட்ட பெயர். மாணவனாக இருந்தபோது அவன் எழுதிய ஆய்வேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று வரி மேலே, முப்பது வரி கீழே. “இவன் மனுஷனே இல்ல, அடிக்குறிப்பு” என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. சட்டத்துறைப் பேராசிரியனாகி நரை கண்ட பின்னும் அவள் வீட்டில் அவன் அடிக்குறிப்புதான். அடுத்த இயக்குநராக அவனையே குழு தேர்ந்திருந்தது. இன்று பிற்பகல் அவன் பொறுப்பேற்க வேண்டும்.

கட்டிலருகே ஒரு கணம் தலைகவிழ்ந்து நின்றான். பிறகு கோப்பைத் திறந்தான்.

“மேடம், இந்த நேரத்துல கேக்கவே கூசுது. ஒரே ஒரு வரிதான். பதினாலாம் விதிய எடுத்துடறோம். சார் நேத்தே சம்மதம் குடுத்துட்டாரு. உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி.”

அவள் தாளை வாங்கினாள். பதினான்காம் விதி அவளுக்கு மனப்பாடம். ‘கணவன் மனைவியர் இருவர் ஒரே காலத்தில் மையத்தில் பதவி வகிக்கலாகாது.’

மையத்தை நிறுவியவர்கள் இருவர், கணவரும் அவளும். இருவரும் ஒரே பாடத்தில் ஆய்வு செய்து, ஒரே ஆண்டில் பட்டம் பெற்றவர்கள். மையத்தின் விதிகளை உணவு மேசையில் அமர்ந்து தன் கையால் எழுதியவள் அவள். அந்த முதற்படியில் பதினான்காம் விதி இல்லை. கடைசி வாரத்தில் அவர் சேர்த்தார்.

“புருஷன் இயக்குநர், பொண்டாட்டி ஆய்வாளர்னா நாளைக்கு ஒருத்தன் விரல் நீட்டுவான். நாம சுத்தமா இருக்கணும்.”

“அப்ப நான் இயக்குநரா இருக்கேன். நீங்க வெளியே இருங்க.”

நல்ல நகைச்சுவையைக் கேட்டவர்போல் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த மாதமே விலகினாள். பின்வந்த ஏழு நூல்களுக்கும் வீட்டிலிருந்தே மேற்கோள் சரிபார்த்தாள், பிழை திருத்தினாள். இரண்டு நூல்களில் முழு இயல்களே அவள் எழுதியவை. ஒவ்வொரு முன்னுரையின் ஈற்றிலும் அவர் மறவாமல் நன்றி சொன்னார்: மனைவியின் பொறுமைக்கு.

ஆனால் ஒன்று அவள் கையில் எஞ்சியிருந்தது. முப்பத்தொன்றாம் விதி. ‘நிறுவனர் இருவரும் உயிரோடிருக்கையில், இருவரும் ஒருமித்து எழுத்தில் இசைந்தாலன்றி, இவ்விதிகளுள் எதுவும் திருத்தப்படலாகாது.’ முப்பது வயதில், மணமாலையின் ஈரம் காயாதவள் எழுதும் காதல் வாசகம்போல அவள் எழுதியது. அவர் அதை இருமுறை உரக்கப் படித்து மகிழ்ந்தார். இருவரில் ஒருவர் கண்மூடினால் அக்கணமே விதிகள் அனைத்தும் கல்லாகிவிடும் என்பதை, நாடுநாடாகச் சட்டங்களைக் கற்ற அவ்விருவரும் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. சாவு என்பது பிறருடைய சட்டங்களில் வருவது என்று இருந்துவிட்டார்கள்.

“தப்பா நெனைக்காதீங்க மேடம். இன்னிக்கே போட்டாத்தான்… உயிரோடிருக்கையில்னு இருக்கு.” அவன் பார்வை கட்டிலைத் தொட்டுத் திரும்பியது.

“உன் பொண்டாட்டிக்காகத்தானே?”

“அவ பன்னெண்டு வருஷமா அங்க பதிப்பாசிரியரா இருக்கா மேடம். நான் இயக்குநரா வந்தா அவ விலகணும். அது நியாயமான்னு சார்கிட்ட கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“அநியாயம்னாரு. காலத்துக்கு ஒவ்வாத விதின்னாரு.”

“எவ்வளவு நேரம் யோசிச்சாரு?”

“யோசிக்கவே இல்ல மேடம். உடனே சரின்னுட்டாரு.” அது அவளுக்கு மகிழ்ச்சி தரும் என்றே அவன் நினைத்தான்.

“எங்கிட்ட கேக்கணும்னு சொல்லலியா?”

“சொன்னாரே! ‘அவ போட்டுடுவா, நீ கவலைப்படாதே’ன்னு சொன்னாரு.”

கொழுந்தன் குவளையைக் கீழே வைத்தார்.

“வெச்சிட்டுப் போப்பா. படிச்சுட்டுக் கூப்பிடறேன்.”

“மேடம், ஒரே ஒரு வரி…”

“எனக்குப் படிக்கத் தெரியும்.”

அவன் கோப்பைக் கட்டிலோரம் வைத்துவிட்டு வெளியேறினான். கொழுந்தனும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினார். சற்றைக்கெல்லாம் கதவு மறுபடி திறந்தது. பதிப்பாசிரியர் உள்ளே வந்தாள், அடிக்குறிப்பின் மனைவி. கழுத்தில் மையத்தின் அடையாள அட்டை தொங்கியது. வேலையிலிருந்து நேரே அழைத்து வந்திருக்கிறான்.

“நான் கேக்க வரல மேடம். சாரைப் பாக்க வந்தேன்.”

“வாம்மா.” இளையவள் கட்டிலருகே வந்து நின்றாள். “நான் இதைப் போடலேன்னா என்ன ஆகும்?”

“அந்தப் பதவியே வேணாம்னு விட்டுடுவேன்னு சொல்றாரு.”

“சொல்றாரு.”

அவள் புன்னகைத்தாள். இளையவள் புன்னகைக்கவில்லை. அடையாள அட்டையின் ஓரத்தைப் பெருவிரல் நகத்தால் கீறியபடி நின்றாள். பின், “எனக்கு இந்த வேலை பிடிக்கும் மேடம்” என்றாள், வேறேதோ கேட்கப்பட்டதற்கு விடைசொல்வதுபோல. சொன்னதும் வெட்கினாள், விடைபெறாமலே போய்விட்டாள்.

தாளில் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் சிறிய பெருக்கற்குறியிட்டுக் காட்டியிருந்தார்கள். பேனாவின் மூடியைக் கழற்றினாள். ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பும் ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கும். அவர் மனம்வைத்திருந்தால் ஒரே மாலையில், ஒரு தேநீருக்கும் அடுத்த தேநீருக்கும் இடையில்.

கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியில் முழங்கை ஊன்றி அவர் காதருகே குனிந்தாள்.

“ஏங்க. கேக்குதா? நான் போடறேன். ஆனா நீங்க எங்கிட்ட கேளுங்க. அவன்கிட்ட சொன்னீங்கல்ல, அதை எங்கிட்ட சொல்லுங்க. ஒரு வார்த்தை வேணாம். கண்ணைத் திறந்து என்னைப் பாருங்க, போதும்.”

மூச்சு இழுத்தது, விட்டது. அவள் காத்திருந்தாள். நாள்தோறும் காலையில் தனக்குள் முணுமுணுக்கும் துதி அன்றும் நாவில் எழுந்தது. கேட்டதைக் கேட்டபடி அருளும் இறையைப் பாடுவது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். கேட்பவளும் தானே, தருபவளும் தானே என்றிருக்கையில் அந்தப் பாட்டுக்கு அங்கே வேலை இல்லை.

பத்தே முக்காலுக்கு அவர் கண் திறந்தது. மஞ்சள் பூத்த விழி மெல்லச் சுழன்று, அவள் முகத்தைக் கடந்து, கட்டிலோரம் இருந்த கோப்பில் போய் நின்றது. அங்கேயே நின்றது. கோப்பைப் பார்க்கையில் எப்போதும் அவர் புருவத்தில் விழுகிற அந்த அக்கறையான சுருக்கம், இத்தனை நோவுக்கு அடியிலும், விழுந்தது.

“என்னை” என்றாள் அவள்.

இமைகள் மூடின. அடுத்த மூச்சு வெகுநேரம் கழித்து வந்தது. அதற்கடுத்தது இன்னும் தாமதித்து. அவள் பேனாவைக் கையில் பிடித்தபடியே எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை இருபதைத் தாண்டிற்று. நாற்பதைத் தாண்டிற்று. அதன்பின் எண்ணுவதற்கு ஏதுமில்லை.

பேனாவின் மூடியைப் போட்டாள். அதன் பிறகே மணியை அழுத்தினாள்.

செவிலி ஓடிவந்தாள், மருத்துவர் வந்தார், எல்லாரும் வந்தார்கள். அடிக்குறிப்பு முதலில் தாளைப் பார்த்தான், பிறகு கட்டிலைப் பார்த்தான், பிறகே அழுதான். அழுகை பொய்யில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. “அண்ணி, போடலியா?” என்று கொழுந்தன் காதோடு கேட்டார். அவள் தாளைக் கோப்புக்குள் வைத்து மூடினாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

நான்காம் நாள் மையத்தின் கூடத்தில் இரங்கல் கூட்டம். இருபத்தாறு ஆண்டுகள் அவள் விருந்தினராக மட்டும் வந்துபோன அந்தக் கூடத்தின் முதல் வரிசையில் அவளை உட்காரவைத்து, குடும்பத்தார் என்று அச்சிட்ட அட்டையை நாற்காலியில் ஒட்டியிருந்தார்கள். புதிய இயக்குநர் மேடையேறினான். அவன் பதவியை விடவில்லை. யாரும் அவனை விடச் சொல்லவும் இல்லை.

“ஐயா வகுத்த விதிகளில் ஓர் எழுத்தையும் நாங்கள் மாற்ற மாட்டோம்” என்றான். “அவர் தம் சொந்த வீட்டிலிருந்தே தொடங்கிய தூய்மை அது. அதைப் போற்றும் வகையில், என் மனைவி நேற்றுத் தம் பதவியிலிருந்து விலகினார் என்பதை இந்த அவையில் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.”

இரங்கல் கூட்டம் என்பதையும் மறந்து யாரோ கைதட்டினார்கள். கைதட்டல் பரவிற்று.

கொழுந்தன் அவள் பக்கம் சாய்ந்தார். “பாத்தீங்களா அண்ணி? மாத்த முடியாதுன்னு ஆனதும், மாத்த மாட்டேங்கறான்.”

“சும்மா இருங்க.”

பதிப்பாசிரியர் மேடையில் இல்லை. வரிசை வரிசையாக வந்து நினைவு மலரை விநியோகித்துக்கொண்டிருந்தாள். மெல்லிய எட்டுப் பக்கம். அவள் பதிப்பித்த கடைசி வெளியீடு. கழுத்தில் அட்டை இல்லை. முதல் வரிசைக்கு வந்ததும், மற்றவருக்குத் தந்ததுபோலவே இரண்டு கைகளாலும் ஒரு படியை நீட்டினாள். உள்ளட்டையில் அவர் பிறந்த ஆண்டு தவறாக அச்சாகியிருந்தது. அதைச் சிறிய, செவ்விய எழுத்தில் பேனாவால் திருத்தியிருந்தாள். மறுபக்கம் இருந்த கொழுந்தன் கையிலிருந்த படியிலும் அவ்வாறே திருத்தம் இருந்தது. முந்நூறு படிகளிலும் இருந்திருக்கும்.

பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “உக்காரும்மா.”

“அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு வரிசை இருக்கு மேடம்” என்றாள் இளையவள். சினமில்லை, குத்தலுமில்லை, வேலை இருப்பவர் சொல்கிற குரல் அது.

அந்த இரண்டு வரிசைகளுக்கும் கொடுத்து முடித்தபின், மிஞ்சிய படிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். துணைவேந்தர் பேசினார். நூலகர் பேசினார். கைப்பை மடியில் கனத்தது. அவள் அதைக் கீழே இறக்கவில்லை. கூட்டம் முடியும்வரை பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது.