தைரியம் சொல்கிறவள்

“எந்திரிச்சு அந்தப் பச்சைச் சேலையக் கட்டுன்னு சொல்லுதேன்…”

“கட்டமாட்டேன்னு எத்தன தடவ…”

“அவங்க ஸ்கூட்டர்ல கிளம்பியிருப்பாங்கட்டி, இப்ப வந்து…”

“வரட்டும். இப்படியே பாக்கட்டும்.”

நேதாஜி நகர் குவார்ட்டர்ஸின் ஒற்றை ஜன்னலில் கூலர் இரைந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் குரல் கொடுத்தே இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. சிவஞானம் கையில் சேலையோடு நின்றார். சுந்தரவல்லி தலை வாராமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். நோய் அதற்கப்புறம் திரும்பவில்லை. அதனாலேயே டெல்லியில் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் யாருக்கு மார்பில் கட்டி என்றாலும் இந்த வீட்டுக்குத்தான் அழைத்து வருவார்கள். சுந்தரவல்லி நல்ல சேலை கட்டி, காபி கொடுத்து, “ஒண்ணுமில்லம்மா, பல்லு பிடுங்குத மாதிரிதான். ஆறு மாசத்துல மறந்துரும்” என்பாள். பக்கத்தில் சிவஞானம் பெருமையாக நிற்பார்.

இந்த வருஷம் ஹோலிக்குப் பிறகு பாதி நாள் அவள் கட்டிலை விட்டு எழுந்திருப்பதில்லை. உடம்பைச் சோதித்த லேடி டாக்டர், “உடம்பு நன்றாக இருக்கிறது, மனநோய் டாக்டரைப் பாருங்கள்” என்று சொன்னாள். சிவஞானம் கூடாது என்றார். சண்டை அதில்தான்.

“சீக்கு போயி பதினோரு வருசம் ஆச்சு. இப்ப என்னத்துக்கு அழுத?”

“அது தெரிஞ்சா நான் எதுக்கு டாக்டர்ட்ட போகணும்னு கேக்கேன்?”

“பைத்தியக்கார டாக்டர்னு சொல்லு. ஆபீஸ்ல என்ன பேசுவான் தெரியுமா? ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவளுக்கே புத்தி பிசகிட்டும்பான்.”

“சொல்லட்டும். தைரியம் என்ன, ரேசன் சீனியா? ஆளாளுக்குப் பைய நீட்டிட்டு வாராங்க. எனக்கே இல்ல, எங்கேருந்து அளந்து போட?”

வாசல் மணி அடித்தது.

சிவஞானத்தின் ஆபீஸ் வைத்தியும், அவன் மனைவி ராஜலக்ஷ்மியும். அவளுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன்.

“ஒரு வாரமா இவ சாப்பிடலை, மாமி. உங்களைப் பாத்தா சரியாயிடுவா,” என்றான் வைத்தி. சிவஞானம் அவனை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். நடுவில் ஒரு திரைதான்.

ராஜலக்ஷ்மி உட்கார்ந்தாள். அவள் கண் சுந்தரவல்லியின் மார்புக்குப் போய், சட்டென்று தரைக்கு இறங்கியது.

“பாரு, பரவாயில்ல. எல்லாரும் எது பொய்யின்னு கண்டுபிடிக்கப் பாப்பாங்க. இன்னைக்கு அந்தச் செரமமே இல்ல, வைக்கல.”

“என்ன வைக்கலை, மாமி?”

“துணிப் பையில கேப்பை போட்டுத் தச்சது. வெறும் பஞ்சுன்னா கனமில்லாம கழுத்துக்கு ஏறிரும். ஐ.என்.ஏ. மார்க்கெட்ல நல்ல கேப்பை கிடைக்கும். மழை வந்தா வண்டு பிடிக்கும், மாத்திரணும்.”

ராஜலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாதியில் அது அழுகையாயிற்று. சுந்தரவல்லி தடுக்கவில்லை.

“வலிக்குமா, மாமி?”

“வலிக்கும். கையத் தூக்க முடியாது. செவுத்துல வெரல வச்சு கொஞ்சங் கொஞ்சமா ஏத்திப் பழகணும். கை சரியாயிரும்.”

திரைக்கு அப்பாலிருந்து சிவஞானம், “எல்லாமே சரியாயிரும்மா. ஆறு மாசத்துல மறந்துரும்னு சொல்லு வல்லி,” என்றார்.

“மறக்காது,” என்றாள் சுந்தரவல்லி, ராஜலக்ஷ்மியைப் பார்த்தே. “பொழச்சுக்கலாம், நான் பொழச்சிருக்கேன். ஆனா ஒரு இருமல் வந்தாக்கூட, சீக்கு திரும்ப வந்துருச்சோன்னு இருக்கும். சில நாளு எதுக்குப் பொழச்சோம்னு இருக்கும். குளிக்கையில கண்ணாடியத் திருப்பி வச்சிருவ. நான் இன்னும் அழுதுக்கிட்டுத்தான் இருக்கேன். யாராவது வந்து தைரியமா இருன்னா, போய் வேலையப் பாருன்னு சொல்லு.”

வைத்தி திரையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டான். “என்ன மாமி, தேத்தச் சொன்னா இன்னும் பயமுறுத்தறேளே.”

“நீங்க செத்த சும்மா இருங்கோ,” என்றாள் ராஜலக்ஷ்மி. அவன் நின்றான். “ஒரு வாரமா எல்லாரும் ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லைங்கறேள். ஒண்ணுமில்லைன்னா ஏன் உங்க மூஞ்சி இப்படி இருக்கு? மாமி பதினோரு வருஷம் கழிச்சும் அழறாளாம். அப்போ பதினோரு வருஷம் இருக்கலாம்னுதானே அர்த்தம்? எனக்கு அது போதும்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “மாமி, தயிர் சாதம் இருக்குமா?”

“காலையில வடிச்ச சோறு இருக்கு. தயிரு லேசாப் புளிக்கும்.”

“புளிக்கட்டும்.”

சுந்தரவல்லி கட்டிலை விட்டு எழுந்தாள். அடுக்களையில் அவள் சோற்றைப் பிசையும்போது சிவஞானம் பின்னாலேயே வந்தார்.

“வந்த ஆள்ட்ட இப்படியாட்டி பேசுவாங்க?” குரலை இறக்கியிருந்தார். “இத்தன வருசமா ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னேன். நீங்க ஒவ்வொரு தடவையும் எனக்குத் தைரியம் சொன்னீங்க.”

அவள் தட்டில் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய் வைத்தாள். உள்ளே இருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி, கூலருக்கு மேலே, நிதானமாகச் சொன்னாள்:

“திங்கக்கிழமை அந்த டாக்டர்ட்ட போறேன். நீங்க கூட வாரீங்களா, நான் தனியாப் போகட்டா?”