பந்தலில் வந்த சிரிப்பு

நீட்டிய கைகளின் வரிசை, அக்கா வீட்டுப் பந்தலடியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள், துக்கத்துக்கு வருகிறவன் ஒவ்வொரு உள்ளங்கையாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும், ஸ்ட்ரோக்கில் செத்துப்போன என் இடப்பக்கத்தை மனைவி வேலுத்தாய் தாங்கிக்கொள்ள வலது கையை நீட்டுகிறேன், அக்கா மகன் சௌந்தரின் கை படுகிறது, அப்போதுதான் அது கிளம்புகிறது, அடிவயிற்றிலிருந்து, சிரிப்பு, பந்தலே திரும்பிப் பார்க்கும் சிரிப்பு, உள்ளே எனக்குச் சைக்கிள் பழக்கிய மாமாவுக்காக நெஞ்சு வெடிக்கிறது, வெளியே வாய் கெக்கலிக்கிறது, நிறுத்து நிறுத்து என்கிறேன், யாரிடம் சொல்ல, என் வாயிடமா, கூட்டத்தைப் பிளந்துகொண்டு அக்கா ராசாமணி வருகிறாள், எம்புருசன் செத்தது உனக்கு அம்புட்டுச் சந்தோசமாடா, இனி என் வாசல மிதிக்காத.

அதற்கு முன்பு அழுகை, ஸ்ட்ரோக் வந்த மூன்றாம் மாதமே, டிவியில் குழந்தை பல் விளக்கினால் அழுகை, இட்லிக்குச் சட்னி வைத்தால் அழுகை, வேலுத்தாய்க்கோ ஒரே பெருமை, முப்பது வருசமா மூஞ்சி குடுத்துப் பேசாத மனுசன் இப்ப என்னையப் பாத்தாலே உருகுறாரு என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், டாக்டரிடம் மட்டும் மூச்சு விடவில்லை, அடியே உனக்காக இல்லை, சும்மா அழுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தால் அதற்கும் அழுகை, என்ன பிழைப்பு இது. அக்கா வாசலை அடைத்த பிறகுதான் டாக்டர் ஷர்மிளாவிடம் விஷயம் போனது, ஐயா இது மனசுலேருந்து வரல, ஸ்ட்ரோக்ல பிரேக் போயிருச்சு, குமுளி மலையில் அரசு பஸ்ஸை இறக்கியவனிடம் பிரேக்கைப் பற்றிச் சொல்கிறாள், சரி என்னதான் வைத்தியம், தினம் ஒரு மாத்திரை, மனச்சோர்வுக்குக் குடுக்கிறதுதான், இதுக்கும் கேக்கும், சில வாரம் பொறுங்க, சொல்லாம நிறுத்தாதீங்க, வேலுத்தாய் முகம் வாடிவிட்டது, அப்ப எம்மேல பாசமில்லையா டாக்டரம்மா.

மூன்றாம் வாரம் சட்னி வந்தது, சாப்பிட்டேன், ஒண்ணும் வரலையா என்று பார்த்துக்கொண்டே நின்றாள், நல்லாயிருக்கு என்றேன், முப்பது வருசத்தில் முதல் தடவை, அவள்தான் அழுதாள். பிறகு அக்கா வீட்டுக்குக் கிளம்பினால் வெள்ளிக்கிழமை துக்கம் கேக்கக் கூடாது, சனி வேண்டாம், செவ்வாய் ஆகவே ஆகாது என்று வேலுத்தாய் தடுத்தாள், போதுமடி தாயே, ஒரு புதன்கிழமை அவளை இழுத்துக்கொண்டு போனேன், பந்தல் இல்லை, பெஞ்சு இல்லை, வாசலில் சௌந்தர் மட்டும், கையை நீட்டுகிறேன், அவன் உள்ளே அம்மாவைப் பார்க்கிறான், என் கை அந்தரத்தில் நிற்கிறது, கடைசியில் தொட்டான், அடிவயிற்றைக் கவனிக்கிறேன், ஒன்றும் கிளம்பவில்லை, மாமாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் மட்டும், அக்கா நிலைப்படிக்கு வந்தாள், இன்னைக்கு மட்டும் எப்படிடா அடங்குச்சு, வேலுத்தாய் முந்தானையில் முடிந்திருந்த மாத்திரை அட்டையை நீட்டினாள், வியாதியாம் மதினி, நாந்தான் மறைச்சுட்டேன்.

அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கிறுக்குப்பயலே, நான் செத்தா ஒருத்தனும் மூக்கச் சிந்தக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு உங்க மாமா, நீ ஒருத்தன்தான்டா அவரு பேச்சக் கேட்டிருக்க, அவள் உதடு நடுங்கி, கோணி, சிரிப்பாக உடைந்தது, என் கையைப் பிடித்தாள், நானும் சிரித்தேன், சௌந்தர் பயந்து ஓரடி பின்வாங்கினான், வேலுத்தாய் அட்டையைப் பிடுங்கினாள், இருங்கள், ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று மனதுக்குள் பிரேக்கில் காலை அழுத்தினேன்.

நின்றது.